கணக்கில் சேராத இடம்

பானுப்பிரியாவுக்கு மஞ்சள் காமாலை என்று முதலில் சொன்னது டாக்டர் இல்லை, பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள்.

பட்டாபிராம் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரே கூரையின்கீழ் ஐந்து குடித்தனங்கள் இருக்கும் லைன் வீடு அது. எல்லோருக்கும் சேர்த்துக் கழிப்பறை இரண்டு. போன வருஷம் செப்டம்பரில் ஒரு காலை, பானு வெளியே வந்ததும் உள்ளே போன கன்னியம்மாள், போன வேகத்திலேயே திரும்பி வந்து ரேகாவின் வாசலில் நின்றாள்.

"ரேகா, உம்பொண்ணு ஒண்ணுக்குப் போனத பாத்தியா? காவி கலர்ல கீதும்மா. தண்ணி ஊத்தியும் போவல. காமாலதான், சந்தேகமே இல்ல."

ரேகா அடுப்பைத் தணித்தாள். பிறகு, "ஆமாங்க்கா, டாக்டரும் அதான் சொன்னாரு," என்றாள்.

டாக்டர் சொன்னது வேறு. பானுவின் வலது நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் நீர் கோத்திருந்தது. முதுகில் ஊசி செலுத்தி, வைக்கோல் நிறத்தில் ஒரு பாட்டில் நிறைய எடுத்தார்கள். சோதனைக்கு அனுப்பிவிட்டு டி.பி. என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. அதில் ஒரு மருந்து சிறுநீரைக் காவி நிறமாக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதே என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார்.

"இது நுரையீரலுக்கு வெளிய வந்த டி.பி. சளியில கிருமி இல்ல. மத்தவங்களுக்கு ஒட்டாதும்மா," என்று டாக்டர் ரேகாவிடம் இரண்டு முறை சொன்னார்.

"நீங்க சொல்றீங்க சார். எங்க தெருவுல யாரு கேப்பாங்க?"

ரேகாவின் பெரியப்பா மகளுக்கு இதே நோய் வந்து, நல்லபடியாகக் குணமாகி, இரண்டு பிள்ளைகளும் பெற்ற பிறகு, ஒரு கல்யாண வீட்டில் அவளுக்கு மட்டும் பேப்பர் கப்பில் காபி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் டம்ளர். அந்தப் பேப்பர் கப்பை ரேகா மறக்கவில்லை. அதனால் கன்னியம்மாள் வேறொரு நோயின் பெயரை நீட்டியபோது அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். காமாலை கௌரவமான நோய். யாருக்கும் வரும், வந்தால் நாலு பேர் நலம் விசாரிப்பார்கள்.

ஆனால் காமாலைக்குப் பத்தியம் உண்டு.

"எண்ணெ கூடாது. முட்ட கூடாது. கறி, மீனு வாசனயே ஆவாது. ஒரு வருசம்," என்றாள் கன்னியம்மாள். "எங்க தம்பி ஆறாம் மாசமே கோழி துன்னுட்டான். திரும்பி வந்துகிச்சி. பொழைக்கறதே கஷ்டமாப் போச்சி."

தினமும் விடிந்ததும் அவள் தண்டவாளத்தின் ஓரமாகப் போய்க் கீழாநெல்லி பறித்து வந்தாள். வேரோடு அரைத்து மோரில் கலந்து, தன் வீட்டு எவர்சில்வர் டம்ளரிலேயே கொண்டுவந்து, பானு குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். அவளுக்குப் பெண் பிள்ளை இல்லை. பானுவைச் சின்ன வயதில் அவள்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவாள். "கசக்குதா? கசக்கணும். கசந்தாத்தான் மருந்து."

டாக்டர் சொல்லியனுப்பிய சாப்பாடு இதற்கு நேர் எதிர். தினம் இரண்டு முட்டை, பருப்பு, வேர்க்கடலை, முடிந்தபோது மீன். எடை ஏற வேண்டும்.

லைன் வீட்டில் யார் வீட்டில் வெங்காயம் வதங்கினாலும் ஐந்து வீட்டுக்கும் தெரியும். ரேகா ஒரே ஒரு முறை கதவைச் சாத்திக்கொண்டு ஆம்லெட் போட்டாள். அதைத் திருப்பிப் போடுவதற்குள் கன்னியம்மாள் கதவைத் தட்டிவிட்டாள். "பொண்ண கொல்லப் பாக்குறியா?" "அய்யே, எனக்குத்தாங்க்கா," என்று சொல்லி, அவள் எதிரிலேயே நின்று முழு ஆம்லெட்டையும் ரேகா தின்று காட்ட வேண்டியதாயிற்று. முட்டையை வேகவைத்துத் தரலாம் என்றால், உரித்த ஓட்டை எங்கே போடுவது? ஐந்து வீட்டுக்கும் குப்பைத் தொட்டி ஒன்றுதான்.

பானுவின் அப்பா பாஸ்கரன், அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை செய்தார். சனிக்கிழமைகளில் ரயிலிலிருந்து இறங்கியதும் மகளை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி, வெளியே தள்ளுவண்டியில் பிரட் ஆம்லெட் வாங்கிக் கொடுப்பார். "வாயத் தொடச்சிகினு வா," என்பதற்கு மேல் ஒன்றும் பேசமாட்டார். வாரத்தில் ஒரு ஆம்லெட். மற்ற நாட்களில் ரசம் சோறு, மோர் சோறு, எண்ணெய் காட்டாத புடலங்காய்.

மார்ச்சில் மாத்திரை முடிந்தது. எக்ஸ்ரேயில் நீர் இல்லை. உறை மட்டும் ஓரிடத்தில் தடித்துப் போயிருந்தது. "ஓடலாம். மெதுவா ஆரம்பி," என்றார் டாக்டர். "ஆனா எடை ஏறவே இல்லையே. என்ன சாப்பிடறே?"

பானு அம்மாவைப் பார்த்தாள்.

"எல்லாந்தான் சார் சாப்புடுறா," என்றாள் ரேகா.

*

ஆவடிப் பக்கம் இருக்கும் அந்தக் கல்லூரியில் பானுவுக்கு விலங்கியல் இடம் கிடைத்ததே ஓட்டத்தால்தான். பள்ளியில் படிக்கும்போது முத்தாபுதுப்பேட்டைக்குப் போகும் சாலையில், காலையில் பட்டாளத்துக்காரர்கள் ஓடும் நேரத்தில், அவர்களுக்கு எதிர்ப்புறமாக ஓடிப் பழகினாள். மாவட்டப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம், வயல், மண் சாலை வழியே ஓடும் க்ராஸ் கன்ட்ரி போட்டிக்கு முந்தின வாரம் டெங்கு. இரண்டாம் வருஷம் இது. இப்போது மூன்றாவது, கடைசி வருஷம். ஓடுவதற்காகச் சேர்த்துக்கொண்ட கல்லூரிக்காக அவள் இதுவரை ஒரு போட்டிகூட ஓடியதில்லை. இந்த செப்டம்பரையும் விட்டால் ஓடாமலே படிப்பு முடிந்துவிடும்.

ஏப்ரலில் நடந்தாள். மே மாதம் கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடந்தாள். ஜூனில் நிற்காமல் ஓட முடிந்தது. ஆனால் வேகம் எடுத்தால் மூச்சு வலப்பக்கம் பாதியிலேயே நின்றது. ஆழமாக இழுக்கும்போது விலா எலும்புக்குள் ஊசியால் தைப்பதுபோல ஒரு குத்தல். அதைச் சமாளிக்கலாம் என்று பழக்கத்தில் தெரிந்துகொண்டாள். சமாளிக்க முடியாதது கால்கள். ஒரு தூரத்துக்கு மேல் கால்களில் எரிப்பதற்கு ஒன்றும் இருக்காது. வலி இல்லை, பிடிப்பு இல்லை. வெறுமனே தீர்ந்து போய்விடும்.

டீமில் முதலாக ஓடுபவள் சுவேதா. வாய் ஓயாதவள். காலைப் பயிற்சி முடிந்ததும் டிபன் பாக்ஸைத் திறந்து, இரண்டு அவித்த முட்டைகளையும் எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் தின்பாள்.

"ஏய் கீழாநெல்லி, பாக்காதடி. கண்ணு பட்டுடப் போவுது."

"பாக்கல," என்றாள் பானு.

"பாவம்டி. உனக்குக் குடுக்கலாம்னுதான் கீது. ஆனா காமால திரும்பி வந்துச்சின்னா உங்கம்மா என் ஊட்டாண்ட வந்து நின்னுடும்."

கல்லூரியிலும் காமாலை என்றே சொல்லி வைத்திருந்தாள். அம்மா அப்படித்தான் சொல்லச் சொன்னாள். பானு சிரித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். அவளுக்கு அதிகம் பேச வராது. சொல்லாமல் இருப்பது அவளுக்குச் சுலபம் என்பதால், சொல்லாமல் இருப்பதன் விலை அவளுக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் தேர்வு ஓட்டம் வைத்தார்கள். உடற்கல்வி இயக்குநர் முகமது இஸ்மாயில் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "ஆறு பேரு. ஆறுக்கு மேல ஒருத்தரும் இல்ல. யாரும் அழுவக் கூடாது, யாரும் அம்மாவைக் கூட்டிகினு வரக் கூடாது."

பானு பாதித் தூரம்வரை நான்காவதாக இருந்தாள். பிறகு கால்கள் தீர்ந்தன. ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டினார்கள். கடைசியில், நேர் சாலையில், முதலாண்டுப் பெண் ஒருத்தி மூச்சு இரைக்கக்கூட இல்லாமல் தாண்டிப் போனாள். பானு ஏழாவது.

மைதானத்து ஓரத்தில் குனிந்து நின்றவளிடம் சார் வந்தார். அவர் குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. "பேரு குடுக்க இன்னும் ஒரு மாசத்துக்கு மேல கீது. ஆறாவது இடத்துக்கு மட்டும் திரும்ப ஒரு ஓட்டம் வைக்கிறேன். நீயும் அந்தப் பொண்ணும். ஆனா இன்னாமா இது, இவ்ளோ எளைச்சிருக்க? சாப்புடறியா இல்லியா?"

"சாப்புடறேன் சார்."

சொன்ன பிறகு அவளுக்கு டாக்டரின் அறை நினைவுக்கு வந்தது. அம்மா சொன்ன பொய்யை இப்போது தானே சொல்லியிருக்கிறாள்.

*

அன்று சாயங்காலம் பானு வீட்டுக்கு வரும் வழியில் கடையில் நான்கு முட்டை வாங்கினாள். ரேகா தரையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பானு பையை வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து, சட்டியில் எண்ணெய் ஊற்றினாள்.

"இன்னாடி பண்ற?"

"முட்டை போடறேன்."

"யாருக்கு?"

"எனக்கு."

ரேகா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கதவுப் பக்கம் போனாள்.

"சாத்தாதம்மா."

"புத்தி பிசகிப் போச்சா உனக்கு? அவ வந்துடுவா."

"வரட்டும்."

"இன்னும் ஒரு மாசம்டி. வருசம் முடிஞ்சிடும். அப்பறம் கோழிய முழுசா துன்னு, யாரு கேக்கப் போறா?"

"ஒரு மாசத்துல டீம் போயிடும்மா."

"டீமு! ஓடறவளுக்குச் சோறு எவன் போடுவான்? நான் உன் கல்யாணத்த நெனச்சிகினு கீறேன், நீ டீமுன்ற."

பானு முதல் முட்டையை உடைத்தாள். ஓட்டுத் துண்டு ஒன்று சட்டியில் விழுந்தது. அதை எடுத்துப் போட்டாள். இரண்டாவதையும் உடைத்தாள்.

கன்னியம்மாள் ஈரக் கையோடு வந்தாள். "ரேகா! மறுபடியும் நீ..." என்று ஆரம்பித்தவள், அடுப்பின்முன் நிற்பது யார் என்று பார்த்ததும் நிறுத்தினாள். "அடிப்பாவி. நீயா? கீழ வைடி அந்தக் கரண்டிய."

"பெரிம்மா," என்றாள் பானு. "எனக்குக் காமாலை வரவே இல்ல."

"இன்னாடி சொல்ற?"

"எனக்கு வந்தது டி.பி. நெஞ்சுல தண்ணி கோத்துச்சு. ஆறு மாசம் மாத்திரை சாப்ட்டேன். சரியாப் போச்சு. யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாரு. அந்தக் காவி கலரு, மாத்திரையோட கலரு."

கன்னியம்மாள் ரேகாவைப் பார்த்தாள். ரேகா சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"நெசமா ரேகா?"

ரேகா திரும்பவில்லை.

"தெனம் போனேனேடி," என்றாள் கன்னியம்மாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "மழையில கூடப் போனேன். பாம்பு கீற எடம். ரயில்காரன் தொரத்துவான். எங்க ஊட்டுக்காரரு, உனக்கு வேற வேல இல்லியான்னு கத்துவாரு. அரைச்சி அரைச்சி உள்ளங்கை பச்சையாவே போச்சி."

"எல்லாத்தையும் குடிச்சேன் பெரிம்மா. ஒரு நாள்கூடக் கீழ ஊத்தல."

"குடிச்ச. இன்னாத்துக்குக் குடிச்ச?"

கன்னியம்மாளின் டம்ளர், காலையில் கழுவிக் கவிழ்த்தது, அலமாரியில் இருந்தது. அவள் கை அதை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, டம்ளரை எடுக்காமலே வெளியே போய்விட்டாள்.

"பாத்த இல்ல?" என்றாள் ரேகா, சுவரைப் பார்த்தபடியே. "எடுத்துகினு போவல. பாத்த இல்ல?"

முட்டை ஓரமெல்லாம் கருகிவிட்டது. பானு அதை நின்றபடியே தின்றாள்.

*

அதற்குப் பிறகு ரேகா மகளிடம் நேராகப் பேசவில்லை. "அவள சாப்புடச் சொல்லுங்க," என்று பாஸ்கரனிடம் சொல்வாள். பாஸ்கரன், "சாப்புடும்மா," என்பார். மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். ஆனால் தட்டில் காலையில் ஒரு முட்டையும் இரவில் ஒரு முட்டையும் இருந்தன. கேட்காமலே வந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தி மீன் குழம்பு வைத்தாள். அதை ஊற்றும்போதும் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியில் ரேகா பயந்தது கொஞ்சம் நடந்தது. முழுதும் நடக்கவில்லை. குழாயடியில் அவர்கள் குடத்துக்கு அடுத்தாற்போல் யாரும் குடம் வைக்கவில்லை. கடைசி வீட்டுக் குழந்தைகள் பானுவிடம் கணக்குப் பாடம் கேட்டு வருவது நின்றது. வீட்டுக்காரம்மா ஒரு நாள் வந்து வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போனாள். வாயைத் திறக்காத பாஸ்கரன் அன்று திறந்தார்: "முடிஞ்சி போச்சும்மா. சந்தேகம்னா டாக்டர் கைல போய்க் கேளுங்க. நானே கூட்டிகினு போறேன்." வீட்டுக்காரம்மா டாக்டரிடம் போகவும் இல்லை, காலி செய்யச் சொல்லவும் இல்லை. கன்னியம்மாள் மட்டும் அந்த வாசல் பக்கமே வரவில்லை.

கல்லூரியிலும் பானு சொன்னாள். சாரிடம் முதலில். அவர், "ஓடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரா? அது போதும் எனக்கு," என்றார். பிறகு டீமிடம் சொன்னாள். ஒருத்தி தன் தண்ணீர் பாட்டிலை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"இரு, இரு," என்றாள் சுவேதா. "அப்ப இத்தினி நாளா உன் எதிர்ல முட்டைய ஆட்டி ஆட்டித் துன்னுகினு இருந்தேனே. உனக்கு அது ஆகாதுன்னு நெனச்சி. நீ துன்ன வேண்டிய முட்டையா அது?"

"ஆமா."

"ஏண்டி சொல்லல?"

"தெரியல."

சுவேதா டிபன் பாக்ஸை மூடிப் பைக்குள் வைத்தாள். அடுத்த நாளிலிருந்து அவள் டப்பாவில் மூன்று முட்டை வந்தது. "பிச்ச இல்லடி. ஆறாவது ஆளு நல்லா ஓடுனா எனக்கும் லாபம்," என்றாள். அது எப்படி லாபம் என்று பானு அப்போது கேட்கவில்லை.

உடம்பு மெதுவாகத்தான் கேட்டது. முதல் இரண்டு வாரம் எந்த மாற்றமும் இல்லை. மூன்றாவது வாரம் ஒரு காலை, முத்தாபுதுப்பேட்டைச் சாலையின் ஏற்றத்தில், கால்கள் தீர்ந்துபோகும் இடம் என்று அவள் அறிந்துவைத்திருந்த மின்கம்பம் வந்தது. தாண்டியும் போயிற்று. திரும்பி அந்தக் கம்பத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், நிற்காமல் ஓடினாள்.

ஆறாவது இடத்துக்கான ஓட்டத்தில் அந்த முதலாண்டுப் பெண் ஆரம்பத்திலேயே முன்னால் போய்விட்டாள். பானு அவள் முதுகை விடாமல் பார்த்துக்கொண்டே போய், கடைசித் திருப்பத்தில் தாண்டினாள். முடிந்ததும் அந்தப் பெண் குழாய்க்குப் பின்னால் போய் முகத்தைக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். பானு அவள் பக்கத்தில் போய் நின்றாள். "உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு," என்றாள்.

"உங்களுக்கும் அப்பிடித்தானக்கா இருந்துது," என்றாள் அந்தப் பெண்.

அது சரிதான் என்று பானுவுக்குத் தோன்றியது. குழாயை மூடிவிட்டு வந்தாள்.

*

போட்டி குத்தம்பாக்கத்தில். புதிய பேருந்து நிலையத்தைத் தாண்டி, இன்னும் மனை போடாத வயல்வெளியில் சுற்று வழி அமைத்திருந்தார்கள். கொஞ்ச தூரம் மண் சாலை, பிறகு வரப்பு, பிறகு ஏரிக்கரை, மறுபடியும் மண் சாலை. இரண்டு சுற்று. முந்தின நாள் மழையில் வரப்பெல்லாம் சேறு. பதினோரு கல்லூரிகள் வந்திருந்தன.

இஸ்மாயில் சார் ஆறு பேரையும் வேனின் நிழலில் உட்கார வைத்து விரலை மடக்கினார். "நம்மள்ல மொதல்ல வர்ற நாலு பேரோட எடத்தக் கூட்டுவாங்க. எந்தக் காலேஜுக்குக் கம்மியோ அவங்க ஜெயிச்சாங்க. அஞ்சாவதா, ஆறாவதா வர்றவங்க எடம் கணக்குல வராது."

பானு தலையாட்டினாள். அவள்தான் ஆறாவது என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஆனா," என்றார் சார், அவளைப் பார்த்து, "நீ யாரயாவது தாண்டுனா, அவ ஒரு எடம் கீழ போவா. அவ அவங்க டீம்ல நாலு பேருக்குள்ள இருந்தா, அவங்க கணக்குல ஒண்ணு ஏறும். உன் எடம் வராது. நீ தாண்டுறவ எடம் வரும். புரியுதா?"

"இத்தத்தான் நான் அன்னிக்கே சொன்னேன்," என்றாள் சுவேதா. "லாபம்னு."

துப்பாக்கி வெடித்தது. அறுபது எழுபது பெண்கள் ஒரே சமயத்தில் மண் சாலையில் பாய்ந்தார்கள். முழங்கைகள் இடித்தன. வரப்பு வரும்வரை பானு யாரையும் தாண்டவில்லை. வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அங்கே தாண்ட முயன்ற ஒருத்தி சேற்றில் முழங்கால் வரை இறங்கினாள். சுவேதாவின் பின்னல் வெகு முன்னால் ஆடிக்கொண்டு போய் மறைந்தது.

ஏரிக்கரையில் முதல் முறை ஏறியபோது குத்தல் வந்தது. வழக்கமான இடத்தில், வலது விலாவின் அடியில். அவள் அதை எதிர்பார்த்தே வந்திருந்தாள். மூச்சை இழுப்பதை விட்டு, விடுவதில் கவனம் வைத்தாள். உள்ளே இருப்பதை முழுதாக வெளியே தள்ளினால் புதியது தானாக வரும். குத்தல் போகவில்லை. கூடவும் இல்லை.

இரண்டாம் சுற்றில் கூட்டம் கலைந்து, இங்கொருத்தி அங்கொருத்தியாக ஆயிற்று. பானுவுக்கு முன்னால் மெரூன் பனியன் போட்ட ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். உயரமானவள், ஒவ்வொரு அடிக்கும் தலை இடது பக்கம் சாய்ந்தது. அவளும் களைத்திருந்தாள். இருவருக்கும் நடுவில் இருந்த தூரம் வரப்பில் குறைந்தது, சாலையில் கூடிற்று.

ஏரிக்கரை இரண்டாம் முறை வந்தது. ஓரத்தில் நின்ற இஸ்மாயில் சார் தொண்டை கிழியக் கத்தினார். "பானு! அந்த மெரூனு அவங்க நாலாவது ஆளு! நாலாவது ஆளும்மா!"

அந்தப் பெண்ணும் அதைக் கேட்டாள். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இருவர் கண்ணும் சந்தித்தன. அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. பிறகு அவள் வேகம் எடுத்தாள்.

பானுவும் எடுத்தாள். குத்தல் இப்போது முதுகுவரை போயிற்று. இதே இடத்தில்தான் ஊசி இறங்கியது, வைக்கோல் நிற நீர் பாட்டிலில் சொட்டியது. நின்றுவிடலாம் என்று உடம்பு தெளிவாகச் சொன்னது. ஆனால் கால்கள் இருந்தன. அதை அவள் கவனித்தாள். மூச்சு போதவில்லை, விலா எரிந்தது, கண்ணில் வியர்வை இறங்கியது. அவ்வளவுக்கும் கீழே கால்கள் இன்னும் தீராமல் இருந்தன. கரையிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவில் மெரூன் பெண் வழுக்கிவிடக் கூடாது என்று அடியைக் குறுக்கினாள். பானு குறுக்கவில்லை. அவள் தோளை உரசிக்கொண்டு இறங்கினாள்.

பின்னால் அந்தப் பெண்ணின் மூச்சு முடிவுக் கோடுவரை கேட்டுக்கொண்டே வந்தது. ஒருபோதும் பக்கத்தில் வரவில்லை.

கோட்டைத் தாண்டியதும் பானு கையும் முழங்காலும் ஊன்றி இருமினாள். யாரோ தண்ணீரை அவள் பிடரியில் ஊற்றினார்கள். நிமிர்ந்தபோது அந்த மெரூன் பெண் எதிரில் நின்றிருந்தாள். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். அவள் கை சேறாக இருந்தது. பேச இருவரிடமும் மூச்சு இல்லை.

முடிவு சொல்ல மதியமாயிற்று. அவர்கள் கல்லூரிக்கு மூன்றாம் இடம். மெரூன் கல்லூரி நான்காவது, வெகு பின்னால். பானு மனதிற்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். அவள் அந்தப் பெண்ணைத் தாண்டாமல் இருந்திருந்தாலும் மூன்றாவதுதான். அவர்களுடைய கணக்கில் ஒன்று ஏறியிருந்தது. அதனால் எதுவும் மாறவில்லை.

"பரவால்லடி," என்றாள் சுவேதா. "தாண்டுன இல்ல?"

"தாண்டுனேன்," என்றாள் பானு.

*

வேனில் பூந்தமல்லி வந்து, ஆவடி பஸ் பிடித்து, வீடு சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பாஸ்கரன் ஷிப்டிலிருந்து இன்னும் வரவில்லை. ரேகா வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பானு ஷூவைக் கழற்றி, சேற்றைத் தட்டினாள். இடையில் நின்று செய்தி சொல்ல அப்பா இல்லை. கீரை ஆயும் கை கொஞ்ச நேரம் நின்றது.

"எத்தினியாவது?" என்றாள் ரேகா, கீரையிடம் கேட்பதுபோல.

"இருபத்தாறு."

"அது நல்லதா, கெட்டதா?"

"ரெண்டும் இல்லம்மா. என் இடம் கணக்குலயே சேராது."

ரேகா இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "சேராதா? அப்பறம் இன்னாத்துக்கு ஓடுன?"

பானு படியில் உட்கார்ந்தாள். நான்கு பேர் கணக்கைச் சொன்னாள். மெரூன் பெண்ணைச் சொன்னாள். தான் தாண்டியதால் அவள் ஓர் இடம் இறங்கியதையும், அது அவர்கள் கூட்டலில் ஏறியதையும், ஆனால் மூன்றாம் இடம் எப்படியும் மூன்றாம் இடமாகவே இருந்திருக்கும் என்பதையும் சொன்னாள். அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி ரேகா கேட்டதில்லை.

"அப்ப நீ தாண்டலன்னாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

"ஆயிருக்காது."

ரேகா ஒரு கீரைக் காம்பை எடுத்தாள். அதில் இலை இல்லை. ஆனாலும் அதையே உருவினாள். "மூச்சு?"

"வாங்குச்சு. வலது பக்கம் ரொம்பக் குத்துச்சு."

"நின்னியா?"

"நிக்கல."

பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் இவர்கள் பேச ஆரம்பித்ததிலிருந்தே நின்றிருந்தது. ரேகாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"அவ்ளோதானா, முடிஞ்சிதா? இன்னும் ஓடணுமா?"

"அடுத்த மாசம் இன்னொண்ணு இருக்கு. நாளைக்கு லீவு. நாளன்னிக்கு மறுபடியும் ஆரம்பிக்கணும்."

"எத்தினி மணிக்கு எழுப்பணும்?"

"அஞ்சு."

ரேகா கீரைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள். திரையைத் தூரப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, அலாரம் வைக்கத் தேடினாள். அவளுக்கு அது வரவில்லை. "இத எங்கடி அமுக்கறது?" என்று நீட்டினாள்.